நான்கு இடத்தில் ஆடுகிறேன், ஓர் இடமும் நிலையாக இல்லை: ஒப்பந்தத்தை முறிக்கலாமா?

வட சென்னையைச் சேர்ந்த 24 வயது கால்பந்து வீரர் ஒருவர் எழுதியிருக்கிறார். சில மாதங்களில் அவருக்கு 25 ஆகிறது. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் ஒன்றோடு மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டு, இரண்டு சீசன் முடித்திருக்கிறார். ஒப்பந்தம் அடுத்த மே 31 அன்று முடிகிறது. விரும்பினால் மேலும் ஓராண்டு நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு உண்டு. அகாடமியில் ரைட் பேக்காக (வலது ஓரத் தடுப்பாளர்) வளர்ந்தவர், இப்போது லெஃப்ட் பேக் (இடது ஓரத் தடுப்பாளர்), டிஃபன்சிவ் மிட்ஃபீல்டர் (தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரர்), சில நேரம் விங்கர் (ஓரத் தாக்குதல் வீரர்) என்று எங்கே ஆள் குறைந்தாலும் அங்கே இறக்கப்படுகிறார்.

கடந்த முழு சீசனில் கிளப் ஆடியது லீக்கில் 24, டுரண்ட் கோப்பையில் 3, சூப்பர் கோப்பையில் 1 என மொத்தம் 28 ஆட்டங்கள். அதில் 4 ஆட்டங்களை இவர் தொடக்க அணியில் ஆடினார் (லெஃப்ட் பேக் 2, ரைட் பேக் 1, நடுக்களம் 1). 9 ஆட்டங்களில் இடையில் இறங்கினார். ஆடிய நேரம் 468 நிமிடம். கோச்சிடம் கேட்டால், “நீ ஒருத்தன் இருந்தா நாலு பேர் இருக்குற மாதிரி” என்று தோளில் தட்டுகிறாராம்.

அவர் கேட்பவை நான்கு: இனி ரைட் பேக் மட்டும்தான் ஆடுவேன் என்று கோச்சிடம் சொல்லலாமா? 10 சதவீதத்துக்குக் குறைவாக ஆடினால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஏஜென்ட் சொல்வது சரியா? இரண்டாம் அடுக்கு கிளப் ஒன்று லோனுக்கு (தற்காலிகமாகத் தன் அணியில் ஆட) கேட்கிறது, போகலாமா? பேசாமல் ரயில்வே வேலைக்கு முயற்சி செய் என்கிறாரே மாமா, அது சரியா?

தம்பி, ஆட்டம் வாரியாக நிமிடக் கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கிறது. முதலில் அவசரமானதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் ஏஜென்ட் இந்த மாதமே நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறார்.

10 சதவீத விதி உங்களுக்குப் பொருந்தாது

ஏஜென்ட் சொல்லும் விதி நிஜமாகவே இருக்கிறது. ஃபிஃபாவின் வீரர் நிலை மற்றும் மாற்ற விதிகளில் 15ஆவது பிரிவு அது. தேர்ந்த தொழில்முறை வீரர் ஒருவர், ஒரு சீசனில் தன் கிளப் ஆடிய அதிகாரபூர்வ ஆட்டங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவற்றில் மட்டுமே களமிறங்கியிருந்தால், விளையாட்டுக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். 28 ஆட்டத்தில் 10 சதவீதம் 2.8. அதாவது நீங்கள் இரண்டு ஆட்டத்துக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. நீங்கள் இறங்கியதோ 13. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் ஆடியதையெல்லாம் எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நிமிடத்தை வைத்தே பார்த்தாலும் 2,520க்கு 468 என்பது 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்தக் கதவு திறக்காது.

பொருந்தியிருந்தாலும் இந்த உரிமையைப் பயன்படுத்த, கிளப்பின் சீசன் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு 15 நாள் மட்டுமே அவகாசம். உங்கள் கடிதம் வந்த தேதிக்கு அதுவும் கடந்துவிட்டது. விதியைச் சரியாகப் பயன்படுத்தியவர்கூட கிளப்புக்கு இழப்பீடு கொடுக்க நேரலாம், ஆடத் தடை மட்டும் வராது.

இதை மீறி நோட்டீஸ் கொடுத்தால் அது காரணமில்லாத முறிவு. 28 வயதுக்கு முன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு முதல் மூன்று சீசன் அல்லது மூன்று ஆண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை, பாதுகாப்புக் காலம் உண்டு. நீங்கள் 22 வயதில் கையெழுத்திட்டவர், இன்னும் அதற்குள்தான் இருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் முறித்தால் இழப்பீட்டோடு நான்கு மாத ஆட்டத் தடையும் வரலாம். இந்தியாவில் ஒரு சீசனில் நான்கு மாதம் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2024 அக்டோபரில் பிரெஞ்சுக் கால்பந்து வீரர் லஸ்ஸானா டியாராவின் ஒப்பந்த முறிவு வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு வீரர்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. இழப்பீட்டைக் கணக்கிடும் முறையையும், புதிய கிளப்பின் பொறுப்பையும் ஃபிஃபா அதன்பின் திருத்தியது உண்மை. காரணமில்லாமல் முறிப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்பது அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்று. இந்திய வீரருக்கும் இந்திய கிளப்புக்கும் நடக்கும் தகராறு ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போகாது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழுவிடம்தான் போகும், அங்கே சம்மேளனத்தின் விதிப்புத்தகம்தான் பேசும். ஆகவே ஃபிஃபா விதியின் ஒரு பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி முடிவெடுக்கச் சொல்பவரின் பேச்சை அப்படியே நம்பாதீர்கள். ஏஜென்ட்டுக்கு ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களோடு அவர் போட்டிருக்கும் பிரதிநிதித்துவ ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, தானாகப் புதுப்பிக்கப்படவும் கூடாது. நீங்கள் கிளப் மாறினால்தான் அவருக்குக் கமிஷன் என்பதையும் மனதில் வையுங்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்கு அவசரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எதற்கு வழக்கு உண்டு, எதற்கு இல்லை

“என்னை ஆட விடாமல் வைத்திருப்பதே உரிமை மீறல்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். கோச் யாரை இறக்குகிறார் என்பது அவர் முடிவு, அதற்கு எதிராக எந்தக் குழுவும் உத்தரவு போடாது. ஆனால் கிளப் உங்கள் பெயரைப் போட்டிப் பதிவிலிருந்தே எடுத்துவிட்டால் நிலைமை வேறு. களத்தில் போட்டியிடும் வாய்ப்பே அங்கே மறுக்கப்படுகிறது, அதை ஒப்பந்த மீறலாக ஏற்ற தீர்ப்புகள் பல உண்டு. முதல் அணிப் பயிற்சியிலிருந்து காரணம் சொல்லாமல் ஒதுக்கித் தனியாக ஓடவிடுவதும், சம்பளத்தைக் குறைக்க ஒப்புக்கொள்ள வைப்பதற்காக நெருக்குவதும் இந்த வகையில் வரும். உங்களுக்கு இதில் எதுவும் இப்போது நடக்கவில்லை. நடந்தால் அன்றைக்கே தேதி போட்டு மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது 14ஆவது பிரிவோடு சேர்ந்து வரும் சம்பள பாக்கி விதி. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராமல் போனால், எழுத்தில் கேட்டு, 15 நாளாவது அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு வெளியேறலாம். 2025இல் ஐஎஸ்எல் நடக்குமா என்று தெரியாமல் நின்றபோது சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்திவைத்ததைப் பார்த்தோம். சம்பளம் வந்த தேதியை ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கில் பார்த்துக் குறித்துவையுங்கள்.

ரைட் பேக் மட்டும் என்று சொல்லலாமா?

வேண்டாம். உங்கள் ஆதங்கம் நியாயமானது, கேட்கும் விதம்தான் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

கோச்சின் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டு வீரர்கள் நிற்கலாம், இந்தியருக்கு மீதி 7 இடம். வெளிநாட்டவரை ஸ்ட்ரைக்கர், அட்டாக்கிங் மிட்ஃபீல்டர், சென்டர் பேக் என்று நடு வரிசையில்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். இரண்டு பேக், இரண்டு விங், நடுக்களத்தில் ஒன்று ஆகியவைதான் இந்திய வீரர்கள் மோதும் இடங்கள். நீங்கள் ஆடும் நான்கும் அங்கேதான் இருக்கின்றன. பெஞ்சில் 9 பேர் என்றால் ஒருவர் கோல்கீப்பர், மற்ற எட்டுப் பேரை வைத்துக் களத்தின் பத்து இடத்தையும் காக்க வேண்டும். மாற்றுகள் ஐந்து, அதையும் ஆட்டத்தின் நடுவே மூன்று தடவைக்குள் முடிக்க வேண்டும். நான்கு இடம் தெரிந்த ஒருவர் அந்த எட்டில் கட்டாயம் இருப்பார். உங்களுக்குச் சிக்கல் வருவதும் அதனால்தான். உங்களைத் தொடக்கத்திலேயே இறக்கிவிட்டால் பெஞ்சில் நான்கு இடத்துக்கு ஆள் இல்லாமல் போகும். கோச் தோளில் தட்டிச் சொன்னது பாராட்டுத்தான், உங்களை பெஞ்சிலேயே வைத்திருக்கும் காரணமும் அதே வாக்கியத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் பல இடங்களில் ஆடிய ஜேம்ஸ் மில்னரையும் ஜான் ஓஷேயையும் முன்மாதிரியாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல முன்மாதிரிகள்தான். நடுக்கள வீரரான மில்னர் 2016-17 சீசன் கிட்டத்தட்ட முழுக்க லிவர்பூலுக்கு லெஃப்ட் பேக் ஆடினார். ஓஷே மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக 2007 பிப்ரவரியில் டாட்டன்ஹாமுக்கு எதிராகக் கோல்கீப்பராகக்கூட நின்றார், ஐந்து பிரீமியர் லீக் பட்டம் வாங்கினார். ஆனால் அந்த கிளப்கள் ஒரு சீசனில் ஏறக்குறைய ஐம்பது ஆட்டம் ஆடுபவை, சுழற்சியிலேயே ஓரத்து ஆளுக்கு இருபது, முப்பது ஆட்டம் கிடைத்துவிடும். உங்கள் கிளப் ஆடியது 28. இங்கே சுழற்சியை நம்பி உட்கார முடியாது.

நம் நாட்டு உதாரணம் உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ராகுல் பேகே ரைட் பேக்காகவும் சென்டர் பேக்காகவும் ஆடுபவர். 2018-19 ஐஎஸ்எல் இறுதி ஆட்டத்தில் பெங்களூருக்கு வெற்றி கோல் அடித்தவர் அவரே. 2022 ஏப்ரலில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஓர் இந்திய கிளப் பெற்ற முதல் வெற்றியில் மும்பை சிட்டிக்கு வெற்றி கோல் அடித்தவரும் அவர். நம்ம ஊர் எட்வின் சிட்னி வான்ஸ்பால் வலது பேக், நடுக்களம் இரண்டிலும் ஆடி, 2018-19 ஐ-லீக் வென்ற சென்னை சிட்டியிலிருந்து ஐஎஸ்எல்லுக்கு வந்தார். இவர்களுக்கு இருந்தது இரண்டு இடம், நான்கு இல்லை. வேறு கிளப் வாங்க வரும்போது “இந்த ஆள் இதற்கு” என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தது.

நீங்களும் நான்கை இரண்டாகக் குறையுங்கள். ரைட் பேக்கும் டிஃபன்சிவ் மிட்ஃபீல்டும் என்பது என் கருத்து. பந்து நம்மிடம் இருக்கும்போது பேக் உள்ளே நகர்ந்து நடுக்களத்தில் நிற்கும் ஆட்டமுறையை இப்போது பல கோச்கள் விரும்புகிறார்கள், அதற்கு இந்த இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். லெஃப்ட் பேக்கில் உங்களுக்கு ஓர் அடிப்படைத் தடை இருக்கிறது. நீங்கள் வலது கால் ஆட்டக்காரர், கோட்டோரம் ஓடியபின் கிராஸ் போட ஒரு முறை திரும்ப வேண்டியிருக்கிறது, அந்த ஒரு நொடியில் தடுப்பாளர் வந்துவிடுகிறார். நீங்கள் அனுப்பிய இரண்டு வீடியோவிலும் இதுதான் நடக்கிறது. அவசரத்துக்கு அங்கே ஆடுங்கள், அதை உங்கள் அடையாளமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

கோச்சிடம் பேசுவதற்கு சீசனுக்கு முந்தைய பயிற்சியின் முதல் வாரம் சரியான நேரம். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் போகாதீர்கள். மூன்று கேள்வி போதும்: எந்த இடத்துக்கு நான் முதல் மாற்று ஆள்? அந்த இடத்தில் என்னிடம் என்ன குறை, வீடியோவில் காட்ட முடியுமா? வாரத்தில் இரண்டு நாள் அந்த இடத்திலேயே பயிற்சி கிடைக்குமா? இவற்றுக்குப் பதில் வாங்கி வந்தால், பத்து ஆட்டம் கழித்து அதை வைத்தே மறுபடி பேசலாம்.

தொடைப் பின்தசை இழுத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வாரம் பெஞ்சில் இருந்துவிட்டு திடீரென்று 90 நிமிடம் லெஃப்ட் பேக்கில் ஓடினால் இது வரும். ஆடாதவர்களுக்கு ஆட்டம் முடிந்த மறுநாள் ஈடுகட்டும் பயிற்சி தர வேண்டும், அதில் மெதுவோட்டம் மட்டும் போதாது, முழு வேக ஓட்டமும் இருக்க வேண்டும். ஃபிட்னஸ் கோச்சிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். காயத்தை கிளப் மருத்துவரின் பதிவேட்டில் எழுத வையுங்கள். வீட்டுப் பக்கத்து ஃபிசியோவிடம் காட்டிவிட்டு மறைத்தால், பிறகு சிகிச்சைச் செலவு கேட்கும்போது கையில் காகிதம் இருக்காது.

உங்கள் ஒப்பந்தத்தில் நான் பார்த்த மூன்று இடங்கள்

*நீட்டிப்பு உரிமை.* கிளப் மே 31க்குள் மின்னஞ்சல் அனுப்பினால் ஓராண்டு நீளும், சம்பளம் “பின்னர் பேசி முடிவு செய்யப்படும்” என்று இருக்கிறது. ஒரு தரப்புக்கு மட்டும் உள்ள இத்தகைய உரிமையை ஆராயும்போது சில விஷயங்களைப் பார்ப்பார்கள். மொத்தக் காலம் மிக நீளமா, முடிவதற்குப் போதிய நாள் முன்பே தெரிவித்தார்களா, நீட்டித்த ஆண்டின் சம்பளம் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா, கையெழுத்தின்போது அந்த நிபந்தனை கண்ணில் படும்படி இருந்ததா என்பவை அவற்றில் முக்கியமானவை. உங்களுடையது சம்பளத்திலும் அவகாசத்திலும் பலவீனமாக நிற்கிறது. செல்லாது என்று இன்றே சொல்லிவிட முடியாது, பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது என்று சொல்லலாம்.

*முடிந்த பிறகும் முதல் உரிமை.* ஒப்பந்தம் முடிந்தபின் வேறு கிளப் அழைத்தால் அதே தொகைக்கு உங்களை வைத்துக்கொள்ள பழைய கிளப்புக்கு உரிமை என்ற வரி இருக்கிறது. 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் இதே மாதிரியான நிபந்தனைதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகும் கட்டிப்போடுவது இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுக்கு முரண் என்ற பார்வையில் தடை உத்தரவு மறுக்கப்பட்டது. இந்த வரிக்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை.

*போனஸ்.* “தொடக்க அணியில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும்” என்று எழுதியிருப்பதால், 9 தடவை இறங்கியும் உங்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. கிளப் ஏமாற்றவில்லை, நீங்கள் கையெழுத்திட்ட சொல் அது. அடுத்த ஒப்பந்தத்தில் ஆட்டநாள் பட்டியலில் இருந்தால் ஒரு தொகை, மாற்றாக இறங்கினால் பாதி, 45 நிமிடம் தாண்டினால் முழுத் தொகை என்று மூன்று படியாகக் கேளுங்கள். சீசனில் இத்தனை நிமிடத்துக்குக் குறைந்தால் குறிப்பிட்ட தொகைக்கு வெளியேறலாம் என்ற வரியும் வேண்டும். உங்களைப் போன்ற ஆட்டக்காரருக்கு அடிப்படைச் சம்பளத்தில் சிறு உயர்வைவிட இந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

முறிவைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் காலண்டரில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு கையெழுத்திட உங்களுக்கு உரிமை உண்டு. உங்களுக்கு அது டிசம்பர் 1. புதிய கிளப் பேச்சைத் தொடங்கும் முன் உங்கள் கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அது அவர்கள் கடமை. நீட்டிப்பு உரிமையைப் பயன்படுத்தப் போகிறார்களா என்று நவம்பருக்குள் நீங்கள் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புதிய கிளப் தயங்கும்.

லோன்

போகலாம் என்றுதான் நினைக்கிறேன், அங்கே ரைட் பேக்கிலோ நடுக்களத்திலோ தொடக்க ஆளாக எடுப்பதாக இருந்தால். கீழ் அடுக்கில் 1,500 நிமிடம் ஆடிய வீடியோ, மேல் அடுக்கில் 468 நிமிடத்தைவிட உங்களுக்கு அதிகம் பேசும். கையெழுத்துக்கு முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

லோன் காலத்தில் தாய் கிளப்போடு (உங்கள் இப்போதைய கிளப்) உள்ள ஒப்பந்தக் கடமைகள் நிறுத்திவைக்கப்படும், வேறு மாதிரி எழுதினால் தவிர. அதாவது லோன் கிளப் சம்பளம் தராவிட்டால் தாய் கிளப் கையை விரிக்கலாம். “லோன் கிளப் 30 நாளில் தராத தொகையைத் தாய் கிளப் தரும்” என்று மூன்று தரப்பும் கையெழுத்திட்ட காகிதத்தில் இருக்க வேண்டும். காயமானால் அறுவைச் சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சிச் செலவு யாருடையது என்பதும் அதிலேயே வர வேண்டும். ஒரே சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், ஆனால் இரண்டு கிளப்புக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். தாய் கிளப்புக்கு ஒரு கோப்பை ஆட்டத்தில் ஐந்து நிமிடம் இறங்கிவிட்டு லோனுக்குப் போனால், அந்தக் கணக்கு அப்போதே நிறைந்துவிடும். லோன் சரிப்படவில்லை என்றால் திரும்பித் தாய் கிளப்புக்குத்தான் வரலாம், மூன்றாவது கிளப்புக்கு ஆட முடியாது. ஆகவே போவதென்றால் சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பே போங்கள்.

மாமா சொல்லும் ரயில்வே வேலை

மாமாவை அலட்சியப்படுத்தாதீர்கள். ரயில்வே விளையாட்டுப் பிரிவு நியமனத்துக்கு வயது 18 முதல் 25 வரை, யாருக்கும் தளர்வு கிடையாது. அறிவிப்பில் குறிப்பிட்ட தேதியில் 25ஐத் தாண்டியிருந்தால் அந்த வாய்ப்பு உங்களுக்கு மறுபடி வராது. ஐஎஸ்எல் ஆடியிருக்கிறோம், அது போதும் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கேட்பது பெரும்பாலும் நாட்டுக்கோ மாநிலத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ ஆடிய சான்றிதழ், அதுவும் அண்மை ஆண்டுகளில் ஆடியது. உங்கள் பல்கலைக்கழகச் சான்றிதழ் தேதியளவில் செல்லுபடியாகிறதா என்று அறிவிப்பு வந்தவுடன் சரிபாருங்கள்.

விண்ணப்பிப்பது ஒப்பந்த மீறல் ஆகாது. வேலையில் சேர்வதற்கு முன்தான் கிளப்போடு எழுத்தில் விடுவிப்பு வாங்க வேண்டும், ஏனென்றால் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்தின் 9ஆவது பத்தி சொல்கிறது. தொழில்முறை வீரராகக் கடைசி ஆட்டம் ஆடி 30 நாள் ஆன பிறகே அமெச்சூராக (தொழில்முறை ஒப்பந்தம் இல்லாத வீரராக) பதிவு மாற்ற முடியும் என்பதால், சேரும் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு வெளி கிளப்புக்கு ஆட வேண்டுமானால் துறையின் அனுமதி தேவைப்படும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. ஏஜென்ட்டிடம் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். லோன் ஒப்பந்தத்தின் வரைவை, “ஓகே சார்” என்று பதில் போடுவதற்கு முன், இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கத்திடமோ விளையாட்டு ஒப்பந்தம் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடமோ காட்டுங்கள்.